நாலு மொழியில டாக்குமென்டேஷன் போடணுமா? டூல் எடுக்கறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க

ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் ஒன்னு இருக்கு, டாக்குமென்டேஷன் இங்கிலீஷ்ல ரெடி, இப்ப அதையே தமிழ், ஹிந்தி, ஜப்பானீஸ்னு கொண்டு போகணும், வெப்சைட்டும் வேணும் டவுன்லோட் பண்ண பிடிஎஃப்பும் வேணும்னு வச்சுக்கோங்க. தேடிப் பாத்தா லேட்டெக், டைப்ஸ்ட், அஸ்கிடாக்டர், பாண்டாக்னு வரிசையா வந்து நிக்கும், தலை சுத்திரும். டெம்ப்ளேட் அழகா இருக்கேன்னு மட்டும் எதையும் எடுத்துராதீங்க. கேட்க வேண்டியது ரெண்டே ரெண்டு: பிடிஎஃப்ல எழுத்தைக் கோக்கறது யாரு, மொழிபெயர்ப்பு எந்த வழியா உள்ள வருது.

முதல் ஸ்டெப்: ஒரு சோதனை ஃபைல்

"கெ கொ கோ கௌ ஸ்ரீ க்ஷ தையல்" அப்படின்னு ஒரு வரி போட்டு ஒரு சின்ன ஃபைல் செய்ங்க. ஹிந்தி வேணும்னா கூட்டெழுத்து வர்ற ரெண்டு வார்த்தை, அரபி வேணும்னா நடுவுல நம்பர் வர்ற மாதிரி ஒரு வரி சேத்துக்கோங்க. எந்த டூலைப் பாத்தாலும் முதல்ல இந்த ஃபைலைத்தான் பிடிஎஃப் ஆக்கணும்.

ஏன்னா "கெ"ன்னு டைப் பண்ணும்போது யூனிகோட்ல முதல்ல க, அதுக்கு அப்புறம்தான் ஒற்றைக்கொம்பு சேவ் ஆகுது, அந்தக் கொம்பைத் தூக்கி எழுத்துக்கு முன்னாடி வைக்கறது ஷேப்பிங் எஞ்சினோட வேலை. குரோம், ஃபயர்பாக்ஸ் ரெண்டுலயும் ஹார்ஃப்பஸ்ங்கற எஞ்சின் உள்ளயே இருக்கு, அதனால வெப்சைட் பக்கம் கவலையே இல்ல. பிரச்சனை எல்லாம் பிடிஎஃப்லதான். அஸ்கிடாக்டர் பிடிஎஃப் அடியில ப்ரான்னு ஒரு ரூபி லைப்ரரி ஓடுது, அதுக்கு ஷேப்பிங் தெரியாது, கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் உக்காந்துக்கும். பழைய பிடிஎஃப்லேட்டெக்கும் தமிழுக்கு ஆகாது.

தேறுறது எதெதுன்னா, ஸீலேட்டெக் (2013லேர்ந்து ஹார்ஃப்பஸ் உள்ள இருக்கு), லுவாலேட்டெக் (லேட்டெக் மொத்தத்தையும் கட்டித் தர்ற டெக் லைவ் தொகுப்புல 2020லேர்ந்து ஹார்ஃப்பஸோட வருது, ஆனா ஃபான்ட் செட் பண்ணும்போது ரெண்டரர் ஹார்ஃப்பஸ்னு நீங்கதான் சொல்லணும்), ஹெச்டிஎம்எல்ல இருந்து பிடிஎஃப் எடுக்கற வீஸிபிரின்ட், அப்புறம் 2023ல ஓப்பன் சோர்ஸ் ஆன டைப்ஸ்ட். டெக் லைவ் முழுசா போட்டா பல ஜிபி இடம் புடிக்கும், டைப்ஸ்ட் ஒரே ஒரு ஃபைல், அந்த விஷயத்துல அது சுகம்தான்.

ரெண்டாவது ஸ்டெப்: மொழிபெயர்ப்பு வர்ற வழி

இங்கதான் பாதி டூல் கழண்டுக்கும். மொழிக்கு ஒரு ஃபோல்டர்னு காப்பி போட்டு வச்சா ஆரம்பத்துல ஈஸியா தெரியும், ஆறு மாசம் கழிச்சு இங்கிலீஷ்ல ஒரு பாரா மாறினா தமிழ்ல எந்தப் பாரா பழசுன்னு யாருக்கும் தெரியாது. கெட்டெக்ஸ்ட் முறையில, அதாவது பிஓ ஃபைல்ல, ஒவ்வொரு பாராவும் தனி என்ட்ரி. மூலம் மாறினா அந்த என்ட்ரி ஃபஸின்னு குறி வாங்கிரும், திருத்தற வரைக்கும் அந்தப் பாரா இங்கிலீஷ்லயே வரும், தப்பான தமிழ் வர்றதை விட அது எவ்வளவோ மேல். வெப்லேட்ங்கற மொழிபெயர்ப்பு வெப்சைட்ல ஏத்தி விட்டா கிட் தெரியாத மொழிபெயர்ப்பாளரும் ப்ரௌசர்லயே வேலை பாக்கலாம்.

ஸ்ஃபிங்க்ஸ்ல இது ரெடியாவே இருக்கு. பைத்தான் டாக்குமென்டேஷனுக்காக ஜார்ஜ் பிராண்டல் எழுதி 2008ல வெளிவந்த டூல் அது, பைத்தானோட மொழிபெயர்ப்புகளும் இந்த வழியிலதான் ஓடுது. அதுல மூலத்தை ரீஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்ட்ங்கற மார்க்கப்லதான் எழுதுவாங்க, உங்க மூலம் மார்க்டவுன்ல இருந்தா மிஸ்ட் பார்சர் போட்டுக்கலாம். ஸ்ஃபிங்க்ஸே வேண்டாம்னா, டாக்குமென்ட்டை பிஓ ஃபைல் வழியா மொழிபெயர்க்கற பிஓ4ஏ இருக்கு, கிட்டோட மேன் பேஜ் மொழிபெயர்ப்பு அதுலதான் நடக்குது. ஆரம்பிக்கறவங்களுக்கு என் ஓட்டு ஸ்ஃபிங்க்ஸும் ஸீலேட்டெக்கும்தான். ஒரே ஒரு கையேடுதான், ஒரே ஒரு மொழிதான்னா டைப்ஸ்ட் போதும்.

மூணாவது: ஓட்டிப் பாக்கறது

ஸ்ஃபிங்க்ஸ், ஸ்ஃபிங்க்ஸ்-இன்ட்ல் ரெண்டையும் பிப்ல போடுங்க. மேக் கெட்டெக்ஸ்ட் கொடுத்தா டெம்ப்ளேட் ஃபைல் எல்லாம் வரும், அப்புறம் ஸ்ஃபிங்க்ஸ்-இன்ட்ல் அப்டேட்ல அந்த டெம்ப்ளேட் இருக்கற ஃபோல்டரையும் தமிழோட ரெண்டெழுத்து மொழிக் குறியையும் கொடுத்தா பிஓ ஃபைல் ரெடி.

இப்ப ஒரு விஷயம் கவனமா பாருங்க, தமிழ்க்காரங்களுக்குன்னே இருக்கற தொல்லை இது. ரீஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்ட்ல கோட் வார்த்தையை ரெட்டை பேக்டிக் போட்டு அடைப்போம், அது முடிஞ்ச உடனே ஸ்பேஸோ கமா மாதிரி குறியோ வந்தாத்தான் அது மார்க்கப்னு எடுத்துக்கும். நாம "பிரின்ட்ஐ"னு வேற்றுமை உருபை அப்படியே ஒட்டி எழுதுவோம்ல, அங்க பில்ட் வார்னிங் கொடுக்கும், பக்கத்துல பேக்டிக் அப்படியே தெரியும். நடுவுல ஒரு ஹைஃபன் போடுங்க, இல்லன்னா ஒரு பேக்ஸ்லாஷும் ஸ்பேஸும் போடுங்க, அந்த ஸ்பேஸ் அவுட்புட்ல வராது. மொழிபெயர்க்கற எல்லாருக்கும் இதை முதல் நாளே சொல்லிருங்க. மார்க்டவுன்ல கோட் வார்த்தைக்கு இந்த வம்பு இல்ல.

பிடிஎஃப்புக்கு கான்ஃபிக் ஃபைல்ல லேட்டெக் எஞ்சின்ங்கற இடத்துல ஸீலேட்டெக்னு மாத்துங்க. ஜப்பானீஸுக்கு மட்டும் ஸ்ஃபிங்க்ஸ் தானாவே யூபிலேட்டெக் எடுத்துக்கும், அதுல கை வைக்காதீங்க, மொழியைப் பாத்து எஞ்சினை மாத்தற மாதிரி ஒரு இஃப் போட்டா போதும்.

ஃபான்ட் மூணையும் நீங்களே சொல்லணும், மெயின், சான்ஸ், மோனோ. நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் ரெண்டும் ஓஎஃப்எல் லைசென்ஸ், ரெப்போவோடயே சேத்துக் கொடுக்கலாம். மோனோவைத்தான் நிறைய பேர் மறந்துடறாங்க. டெஜாவு சான்ஸ் மோனோல தமிழ் கிடையாது, கோட் சாம்பிள்ல தமிழ்ல கமென்ட் இருந்தா அந்த இடமே காலியாவோ கட்டமாவோ வரும்.

இதுல எரர் எதுவும் வராது, பில்ட் பச்சையா முடிஞ்சிரும். லாக் ஃபைல்ல "மிஸ்ஸிங் கேரக்டர்"னு ஒரு வரி இருக்கும். அதனால சிஐல, அதாவது ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானா பில்ட் ஓடற இடத்துல, அந்த வரியைத் தேட ஒரு கிரெப் போட்டு, அந்த வரி வந்தா பில்ட் ஃபெயில் ஆகற மாதிரி வச்சிருங்க.

கடைசியா பிடிஎஃப்பைத் திறந்து "கொ" வர்ற வார்த்தை ஒன்னைத் தேடிப் பாருங்க, ஒரு வரியைக் காப்பி பண்ணி எடிட்டர்ல ஒட்டியும் பாருங்க. கண்ணுக்கு சரியா தெரியற பக்கம்கூட காப்பி பண்ணா கொம்பு இடம் மாறி வரலாம், அப்ப ஸீலேட்டெக்குக்கு அடியில ஓடற ஸீடெக்ல ஆக்சுவல்டெக்ஸ்ட் (காப்பி பண்ணா வர வேண்டிய எழுத்து) ஜெனரேட் பண்ற செட்டிங்கை ப்ரீஆம்பிள்ல, அதாவது லேட்டெக் ஃபைலோட தலைப்பகுதியில, ஒன்னுன்னு வச்சுட்டு திரும்ப பில்ட் பண்ணுங்க.