மறதி நோய் ஆய்வில் பெற்றோரைச் சேர்க்கும் முன்

பெங்களூரில் மறதி நோய் குறித்த ஆய்வுக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பங்கள் பலவும் அதைச் சிகிச்சை என்றே எண்ணிக்கொள்கின்றன. ஆய்வின் நோக்கம் நோயை அறிவது. அதில் சேருபவருக்கு நேரடிப் பயன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆகவே முதலில் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டிவிடுங்கள். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரைகள், கீழே விழுந்தபின் மண்டைக்குள் மெல்லக் கசிந்த இரத்தம் ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவற்றைச் சரிசெய்தால் நினைவு தெளிய வாய்ப்புண்டு.

அடுத்து, அது எவ்வகை ஆய்வு என்று கேளுங்கள். பக்கத்துக் கோலார் மாவட்டத்தின் சீனிவாசபுரத்தில் 45 வயதைக் கடந்த கிராமத்தவரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வைப் போன்றவற்றில் புதிய மருந்து எதுவும் தரப்படுவதில்லை. மருந்துச் சோதனை என்றால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் (CTRI) எண்ணைக் கேட்டுப் பெற்று, அதன் இணையதளத்தில் சரிபார்க்க வேண்டும். 2009 ஜூன் 15 முதல் இந்தப் பதிவு கட்டாயம்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது நினைவுச் சோதனை நடக்கும் மொழியைத்தான். தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பெரியவர்கள் ஏராளம். அவர்களைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ சோதித்தால், நினைவு நன்றாக இருந்தும் மதிப்பெண் குறையும். 1975 முதல் புழக்கத்தில் உள்ள 30 மதிப்பெண் சோதனையில் தேதி கேட்பார்கள், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வார்கள், ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்வார்கள். பள்ளிக்கூடமே போகாமல் கேழ்வரகுக் காட்டில் உழைத்த ஒரு பாட்டிக்குப் பென்சில் பிடிப்பதே புதிது. ஆங்கில மாதம் கேட்டால் விழிக்கும் அவரே, ஆடி பிறந்து நான்கு நாளாகிறது என்று பிசகாமல் சொல்லிவிடுவார். ஆகவே அவர் படித்த வகுப்பு, வீட்டு மொழி, கண், காதுக் குறைபாடு ஆகியவற்றைச் சோதனை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கண்ணாடியையும் காது கருவியையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

உடன் செல்பவர், அன்றாடம் அவரோடு இருப்பவராக இருக்க வேண்டும். பத்தாண்டுகளுக்கு முன்பு இருந்ததற்கும் இப்போதைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று உடனிருப்பவரிடம் கேட்கும் வினாப்பட்டியல்கள் உண்டு. அடுப்பை அணைக்க மறப்பதையும், கடையில் சில்லறை எண்ணத் தடுமாறுவதையும் பார்ப்பவர் வீட்டிலிருக்கும் மருமகளே. ஓசூரில் வேலை பார்த்துவிட்டு ஞாயிறுதோறும் வந்துபோகும் மகன் அல்லர்.

ஒப்புதல் படிவத்தில் அன்றே கையெழுத்திட வேண்டிய அவசியமில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, பெரியவருக்குப் புரியும் மொழியில் நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் சாட்சியாக இருந்து கையெழுத்திட வேண்டும். முடிவெடுக்கும் திறன் குறைந்தவருக்காகச் சட்டப்படி உரியவர் ஒப்புதல் தரலாம்; ஆனாலும் ஊசியைக் கண்டு அவர் கையை இழுத்துக்கொண்டால், அந்த மறுப்பை மதித்தே ஆக வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தரும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை (பிளசீபோ) கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு, எத்தனை முறை வர வேண்டும், பயணச் செலவு யாருடையது, பரிசோதனை முடிவுகளின் நகல் நமக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். ஆய்வு மருந்தால் பாதிப்பு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் பெற 2019 ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகள் வழிசெய்கின்றன. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை தடைபடக் கூடாது. ஆய்வில் சேருபவரின் நலனைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் உள்ள ஒப்புதல் படிவ நகலை வீட்டில் பத்திரப்படுத்தி, வேறெந்த மருத்துவரிடம் போனாலும் அதைக் காட்டுங்கள்.