ஆளுக்கு எத்தனை லிட்டர், எத்தனை கிராம்? வீட்டிலேயே அளக்கலாம்

தண்ணீர் எவ்வளவு செலவாகிறது என்று பெங்களூரு விவேக் நகரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், "ரெண்டு நாளைக்கு ஒரு கேன்" என்பார்கள். அது குடிக்கிற கணக்கு. குளியல், துணி, ஃப்ளஷ் எல்லாம் யார் கணக்கு? 2024 மார்ச்சில் போர்வெல்கள் வற்றி டேங்கருக்கு அலைந்தபோதுதான் பலர் யோசிக்கவே ஆரம்பித்தார்கள்.

காவேரிக் குழாய்த் தண்ணீரின் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். போர்வெல், டேங்கர் எல்லாம் ஒரே சம்ப்பில்தான் விழுகிறது. மாடித் தொட்டியை அளங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு நீளமான குச்சியைத் தொட்டியின் அடிவரை விட்டு, ஈரம் ஏறிய இடத்தில் கோடு போடுங்கள். மறுநாள் அதே நேரம் வரை மோட்டார் போடக் கூடாது. வீட்டில் எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது போட்டுவிடுவார்கள். திரும்பவும் குச்சியை விடுங்கள். 110 செ.மீ. விட்டமுள்ள உருளைத் தொட்டி என்றால் ஒரு செ.மீ. இறக்கத்துக்கு ஏறக்குறைய ஒன்பதரை லிட்டர். 60 செ.மீ. இறங்கியிருந்தால் 570 லிட்டர். ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 114. நகரங்களுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் அளவுகோல் 135 லிட்டர். துணி துவைக்கும் நாளையும் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து ஒரு வாரம் அளந்தால்தான் உண்மை தெரியும்.

அப்படியே இன்னொன்று. எல்லாரும் படுத்த பிறகு ஒரு கோடு, விடியற்காலை எழுந்ததும் ஒரு கோடு. யாரும் குழாயைத் தொடாமலே இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. முதல் சந்தேகம் ஃப்ளஷ் தொட்டி மேல்தான். அதில் மஞ்சள் தூளைக் கரைத்து அரை மணி நேரம் விடுங்கள். கக்கூஸ் பீங்கானில் மஞ்சள் இறங்கினால் வாஷர் போய்விட்டது. நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, அதுவும் மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவருகிற காவேரித் தண்ணீர் இது!

சாப்பாட்டை அளக்கக் குச்சி வேண்டாம், பேனா போதும். ஆனால் யாரையும் வாயால் கேட்காதீர்கள். எல்லாரும் குறைத்துத்தான் சொல்வார்கள், என் மாமியார் உட்பட. அரிசி மூட்டையைப் பிரிக்கிற அன்றே தேதியை அதன் மேல் எழுதுங்கள். 26 கிலோ மூட்டை ஐந்து பேருக்கு 30 நாள் வந்தால், ஆளுக்குத் தினம் சுமார் 173 கிராம். ரேஷனில் மத்திய அரசின் சட்டப்படி ஆளுக்கு மாதம் 5 கிலோ, அதாவது நாளைக்கு 167 கிராம் போல வரும். இட்லி அரிசி தனி மூட்டை, அதை விட்டுவிடாதீர்கள். தோசை வீடுகளில் அதுவே பெரிய கணக்கு. பருப்பு, எண்ணெய்க்கும் இதே தேதிக் கணக்குதான்.

ஒருவர் மத்தியானம் ஆபீஸ் கேன்டீனில் சாப்பிடுகிறார் என்றால் அவரை முழு ஆளாக எண்ண வேண்டாம்.

குடிக்கிற தண்ணீரைக் கணக்குப் போடும்போது ரசத்தையும் மோரையும் சேருங்கள். வெந்த சோற்றிலேயே மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். கேன் மெதுவாகக் குறைகிறதே என்று பயந்து பிள்ளைகளைப் பிடித்துவைத்துப் புகட்ட வேண்டியதில்லை. வெயில் காலத்தில் மட்டும் கண் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து நாலு பேர் வருகிறார்கள் என்றால் ஆளுக்கான லிட்டர், கிராம் இரண்டையும் ஆள் எண்ணிக்கையால் பெருக்கி, அவர்கள் ரயில் ஏறுவதற்கு முன்பே டேங்கருக்குச் சொல்லிவிடுங்கள்.