சிட்டி ரிசர்ச்ல புதுசா வர்றவங்க பண்ற தப்புகள்

பழைய சென்சஸ் நம்பர், யூனிட் மாறிப்போன சார்ட், இதெல்லாம் ரிவ்யூல யாராவது பிடிச்சிருவாங்க, அதை விடுங்க. புதுப் பசங்க ரிப்போர்ட்டா படிச்சிட்டு இருக்கேன், நாங்க ஆரம்பத்துல பண்ண அதே கூத்து திரும்பவும் நடக்குது. யார் கண்ணுலயும் படாம நேரா பாலிசி வரைக்கும் போயிடுற தப்புகளை மட்டும் சொல்றேன்.

எல்லைக் கோட்டையே நகரம்னு நினைக்கிறது

இதுக்கு மட்டும் எனக்கு இன்னும் கோவம் அடங்கல. மாநகராட்சி எல்லைங்கிறது நிர்வாகத்துக்காகப் போட்ட கோடு, மக்கள் அதைப் பார்த்து குடியேறுறதும் இல்ல, வேலைக்குப் போறதும் இல்ல. சீனாவோட சோங்சிங்தான் உலகத்துலயே பெரிய நகரம், 3.2 கோடி பேர்னு எழுதுவாங்க. அந்த முனிசிபாலிட்டி 82,000 சதுர கிலோமீட்டருக்கு மேல, கிட்டத்தட்ட ஆஸ்திரியா சைஸ், உள்ள நிறைய மலையும் வயலும்தான். பாரிஸோட நகர எல்லை வெறும் 105 சதுர கிலோமீட்டர், 21 லட்சம் பேர், புறநகரைச் சேர்த்தா கோடியைத் தாண்டிடும். இது ரெண்டையும் ஒரே டேபிள்ல வச்சு அடர்த்தியில ராங்க் போட்டா அந்த ராங்க்கை வச்சு என்ன பண்றது?

ஒரு ரிப்போர்ட் வந்துச்சு, ஊர் பேர் வேணாம். பத்து வருஷத்துல அடர்த்தி நல்லா குறைஞ்சிருக்கு, நெரிசல் குறைப்புத் திட்டம் ஜெயிச்சிருச்சு, அடுத்த கட்டத்துக்கும் பணம் ஒதுக்கலாம்னு பளபளன்னு எழுதியிருந்தாங்க. நடுவுல அந்த மாநகராட்சி சுத்தியிருந்த கிராமங்களை எல்லாம் உள்ள இழுத்துக்கிட்டிருக்கு, பரப்பு கூடினா வகுத்து வர்ற விடை குறையத்தானே செய்யும்! பழைய எல்லைக்குள்ள மட்டும் கணக்கு போட்டா கூட்டம் ஏறித்தான் இருக்கு. எழுதினவரைக் கேட்டா "அஃபிஷியல் டேட்டாதானே சார்"ங்கிறார். டேட்டா சரிதான் தம்பி, ரெண்டு வருஷத்துக்கும் வகுத்த நிலம் வேற வேறயா இருக்கே.

தலைக்கு இவ்வளவு தண்ணி, இவ்வளவு பஸ்னு கணக்கு போடும்போதும் இதே வம்புதான். சிட்டி ஆஃப் லண்டன், அதாவது லண்டனுக்கு நடுவுல இருக்கிற சின்ன ஆபீஸ் ஏரியா, அங்க 2021 சென்சஸ்ல குடியிருந்தவங்க 10,000 பேர் கூட இல்ல, ஆனா வேலைக்கு வர்றவங்க 5 லட்சத்துக்கும் மேல. குடியிருப்பு எண்ணிக்கையை மட்டும் வச்சு பிளான் போட்டா காலையில 9 மணிக்கே பிளான் கிழிஞ்சிரும்.

ஐநா புள்ளியியல் ஆணையம் 2020ல ஒரு முறையை ஏத்துக்கிச்சு: நிலத்தை ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களா பிரிச்சு, 1,500 பேருக்கு குறையாத கட்டங்கள் ஒட்டியே இருந்து மொத்தம் 50,000 பேராவது வந்தா அது நகரம். நாடு விட்டு நாடு ஒப்பிடணும்னா இதுல இருந்து ஆரம்பிங்க. இதையும் கண்ணை மூடிட்டு நம்ப வேணாம், பல இடத்துல அந்தக் கட்டத்து நம்பர் நேரடியா எண்ணினது இல்ல, சென்சஸ் தொகையை சாட்டிலைட்ல தெரியுற கட்டடத்தை வச்சுப் பங்கு போட்டது. குடோனும் ஃபேக்டரியும் நிறைஞ்ச ஏரியாவுல இல்லாத ஜனம் முளைச்சு நிக்கும்.

வெளியூர் மாடலை பாதி காப்பி அடிக்கிறது

பிரேசில்ல இருக்கிற குரிட்டிபா நகரம் 1974ல பஸ்ஸுக்குத் தனி லேன் விட்டதை எல்லாரும் ஸ்லைடுல போடுறாங்க. அந்த லேன் போற வழியில மட்டும் உயரமான கட்டடத்துக்கு அனுமதி குடுத்து, பஸ் பக்கத்துலயே ஜனத்தைக் குடியேத்தினதை யாரும் போடுறதில்ல. லேன் மட்டும் வாங்கிட்டு வந்து, அப்புறம் பஸ் காலியா ஓடுதுன்னு புலம்பல்.

ரோட்டை அகலப்படுத்தினா டிராஃபிக் குறையும்

அமெரிக்காவுல ஹூஸ்டன் கேட்டி ஃப்ரீவேயை அகலப்படுத்தினாங்க, சில இடத்துல சர்வீஸ் ரோட்டோட சேர்த்து 26 லேன். சில வருஷத்துலயே பீக் ஹவர் பயண நேரம் திரும்ப ஏறிடுச்சு.

பகல் 11 மணிக்கு சர்வே

வேலைக்குப் போறவங்க யாருமே சாம்பிள்ல இருக்க மாட்டாங்க. சாயங்காலம் போங்க, ஞாயித்துக்கிழமையும் போங்க.

சராசரி வருமானம்

சராசரியை விட்டுட்டு மீடியன் போடுங்க, அதாவது எல்லார் வருமானத்தையும் வரிசையா அடுக்கினா நடுவுல வர்ற நம்பர். வார்டு வாரியா.