உஜி பாக்காட் முடிந்தது, முடிவு இன்னும் வரவில்லை: இந்த நாட்களை எப்படிக் கடத்துவது

போன வெள்ளிக்கிழமை கோயிலில் ஒரு தங்கச்சியைப் பார்த்தேன். வயலின் வாசிக்கிற பிள்ளை. கல்லூரி இசைத் துறையில் சேர ஆசிரியர்கள் முன்னால் வாசித்துக் காட்டுகிற தேர்வு, அதுதான் உஜி பாக்காட், அதற்குப் போய் வந்து 3 வாரம் ஆகிறதாம், கைப்பேசியைக் கையில் பிடித்தபடியேதான் தீபாராதனையைத் தொட்டுக் கும்பிட்டாள். நானும் மலேசியாவில் இதே சுங்கை சிப்புட்டில், தோட்டத்து லயத்தில் உட்கார்ந்து இப்படிக் காத்திருந்தவள்தான். அன்று அவளிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

முதல் வேலை, அறைக்குள் நடந்ததை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என்ன வாசித்தீர்கள், புதுத் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னபோது எங்கே தடுமாறினீர்கள், என்ன கேள்வி கேட்டார்கள், எல்லாவற்றையும். நான் எழுதி வைக்கவில்லை. மூன்றாவது பொசிஷனுக்கு, அதாவது கையை வயலின் கழுத்தில் மேலே நகர்த்தி, ஏறும் இடத்தில் விரல் வழுக்கி ஒரே ஒரு சுரம் பிசகியது, அதை மனதிலேயே ஓட்டி ஓட்டி மாதக் கடைசியில் பாட்டு முழுவதையும் கெடுத்துவிட்டதாகவே நம்ப ஆரம்பித்துவிட்டேன். எழுதியிருந்தால் அது ஒரு வரியோடு முடிந்திருக்கும். இன்னொன்று, பாதியில் நிறுத்தச் சொன்னார்கள் என்று அழாதீர்கள். வரிசையில் நிறைய பேர் காத்திருப்பார்கள், கேட்க வேண்டியதைக் கேட்டதும் நிறுத்துவது வழக்கம்தான்.

அடுத்து, முடிவு எந்த வழியாக வரும் என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள், பாதிப் பதற்றம் இதிலேயே குறையும். தஞ்சோங் மாலிமில் இருக்கிற உப்சி (சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம்) மாதிரி அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு யூ.பி.யூ. (அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறை) வழியாகப் போட்டிருந்தால், உஜி பாக்காட் தேறினாலே இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. யூ.பி.யூ. மெரிட்டில் 90 விழுக்காடு படிப்பு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை, அதுவும் சேர்த்தியில் உண்டு. தனியார் கல்லூரி என்றால் பெரும்பாலும் நேராக மின்னஞ்சலில் வரும். எனக்கு ஒரு கல்லூரியிலிருந்து வந்த கடிதம் ஸ்பாம் பெட்டியில் 5 நாள் கிடந்தது, பதில் சொல்லக் கடைசி நாள் மறுநாள்! ஆகவே காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஸ்பாமையும் சேர்த்துப் பாருங்கள். அதற்கு மேல் பார்க்க வேண்டாம். விண்ணப்பத்தில் கொடுத்த கைப்பேசி எண் பிரிபெய்டா? டாப் அப் போடாமல் எண் செத்துவிடப் போகிறது, அதைக் கவனியுங்கள். வீட்டில் லைன் கிடைக்காத தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன, அப்படி இருந்தால் பட்டணத்தில் இருக்கிற அத்தை, சித்தப்பா யாருடைய எண்ணையாவது இரண்டாவது எண்ணாகக் கொடுக்க முடியுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள்.

அலுவலகத்துக்குப் போன் செய்யலாமா? அவர்கள் சொன்ன தேதி தாண்டிய பிறகு செய்யலாம். ஐசி (அடையாள அட்டை) எண்ணையும் விண்ணப்ப எண்ணையும் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மலாயில் மரியாதையாக, சுருக்கமாகக் கேளுங்கள். தேர்வு செய்த ஆசிரியரின் எண் எப்படியோ கிடைத்தாலும் அவருக்கு வாட்ஸ்அப் அனுப்பாதீர்கள். அது உங்களுக்கு நல்லதல்ல.

இப்போது பணம். கடிதம் வந்த பிறகு ஓடுவதைவிட இப்போதே பார்ப்பது நல்லது. பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடனுக்கு எஸ்.எஸ்.பி.என். என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு வேண்டும், திறக்காவிட்டால் இந்த வாரமே திறந்துவிடுங்கள். தனியார் கல்லூரியின் இசைப் படிப்பு எம்.க்யூ.ஏ. என்ற மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் பெற்றதா என்று அவர்களுடைய பதிவேட்டில் தேடிப் பாருங்கள், அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு அந்தக் கடன் கிடைக்காது. தனியார் இடம் முதலில் வந்து, அரசாங்க முடிவு பின்னால் வருவதாக இருந்தால் முன்பணம் கட்டச் சொல்லி அவசரப்படுத்துவார்கள். கொஞ்சம் அவகாசம் கேட்டு மின்னஞ்சல் எழுதுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. திருப்பிக் கொடுப்பார்களா என்ற பக்கத்தைப் படிக்காமல் அப்பாவின் சம்பளத்திலிருந்து ஒரு ரிங்கிட்கூட கட்டாதீர்கள். அப்பா செம்பனைக் குலை வெட்டிச் சம்பாதித்த காசு அது, எனக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

அப்புறம் சாதகம். இதில்தான் நிறைய பேர் தவறுகிறார்கள். ஒன்று, அடியோடு விட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் உஜி பாக்காட்டுக்கு வாசித்த அதே பாட்டைத் திரும்பத் திரும்பத் தேய்க்கிறார்கள். அந்தப் பாட்டை 2 வாரம் தொடாதீர்கள். ஸ்கேல், தியரி, தினமும் முன்பின் பார்க்காத ஒரு பக்கம் வாசிப்பு, இவை போதும். இடம் கிடைத்தால் முதல் செமஸ்டரில் இதுதான் கை கொடுக்கும், கிடைக்காவிட்டால் அடுத்த முறைக்கும் இதுதான். கோயில் பஜனையில் உட்கார்ந்து வாசியுங்கள், ஆர்மோனியக்காரர் திடீரென்று சுருதியை மாற்றும்போது காது தானாகத் திறந்துகொள்ளும். வாசித்து முடித்ததும் வில்லின் முடியைத் தளர்த்தி வையுங்கள். மத்தியான வெயிலில் ஜிங்க் கூரைக்குக் கீழே பெட்டியை விடாதீர்கள், என் பழைய வயலினில் ஒட்டு விட்டுப் பக்கப் பலகை பிரிந்தது அப்படித்தான்.

வீட்டுக்கு வருகிற எல்லோரும் கேட்பார்கள், "என்னம்மா, ரிசல்ட் வந்துச்சா?" கோபப்படாதீர்கள், நம் தோட்டத்துப் பிள்ளை பாட்டுப் படிக்கப் போகிறதே என்ற ஆசைதான். அம்மாவிடம் தேதியைச் சொல்லி காலண்டரில் வட்டம் போடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவே வாசலில் நின்று, "பதினெட்டாம் தேதிக்கு மேல கேளுங்க" என்று எல்லோருக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்.

முடிவு வந்து இடம் கிடைத்திருந்தால் அன்றைக்கே ஏற்றுக்கொண்டு பதில் அனுப்பி, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள், கெடு தாண்டினால் இடம் போய்விடும். கிடைக்கவில்லையா? ஒவ்வொரு வாத்தியத்துக்கும் எடுக்கிற எண்ணிக்கை வேறு, அந்த வருடம் வயலின்காரர்கள் அதிகமாக வந்திருக்கலாம். யூ.பி.யூ.வில் மேல்முறையீட்டுக்குத் தனி வழி இருக்கிறது, அது திறக்கும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். தனியார் கல்லூரியில் காத்திருப்போர் பட்டியலில் பெயர் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள், இரண்டு இடம் கிடைத்தவர்கள் ஒன்றை விடும்போது அது காலியாகும். முதலில் எழுதிய நோட்டை இப்போது எடுத்து, உங்கள் ஆசிரியர் முன்னால் விரித்து வையுங்கள்.