ஷூட்டோ குடும்பத்துக் காகிதங்களைப் படிப்பது எப்படி? பேரேட்டில் தொடங்குங்கள்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உள்ள செயின்ட் லூயிஸ் 1764-இல் ஃபர் எனப்படும் மயிர்த்தோல் வியாபாரத்துக்காகவே உருவான ஊர். அங்கே கொடிகட்டிப் பறந்த ஷூட்டோ குடும்பத்தின் கடிதங்களும் கணக்குகளும் மிசூரி வரலாற்றுச் சங்கத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. புதிதாகப் போகிறவர்கள் நேராகக் கடிதக் கட்டைத்தான் கேட்பார்கள். பழைய பிரெஞ்சுக் கையெழுத்தைப் பார்த்ததும் பாதிப் பேருக்கு ஆசை விட்டுப்போகும். நீங்கள் பேரேட்டைக் கேளுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு தாளில் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். அப்பா பியர் (1758–1849), மகன் பியர் (1789–1865), இரண்டு பேருமே வியாபாரிகள், அப்பா தொண்ணூறு வயது வரை இருந்ததால் காலத்தை வைத்தும் சுலபமாகப் பிரிக்க முடியாது. அப்பாவின் கடிதங்களை மகன் கணக்கில் சேர்த்து ஒரு மத்தியானத்தையே நான் பாழாக்கியிருக்கிறேன். மகனைக் ‘கதே’, அதாவது இளையவர், என்று அழைத்தார்கள், அந்தச் சொல் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

அடுத்து கம்பெனிப் பெயர். ஜான் ஜேக்கப் ஆஸ்டர் என்ற வியாபாரி 1808-இல் தொடங்கிய அமெரிக்கன் ஃபர் கம்பெனியின் மேற்குப் பிரிவை 1834-இல் பிராட், ஷூட்டோ கம்பெனி வாங்கியது. 1838-இல் அதுவே பியர் ஷூட்டோ ஜூனியர் கம்பெனி ஆனது. தேதியில்லாத ரசீதில் இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால் காலம் ஓரளவு பிடிபடும். ஆனால் ஊர் வாயில் அது கடைசிவரை அமெரிக்கன் ஃபர் கம்பெனிதான், அதனால் அந்தப் பெயரை மட்டும் நம்பி வருடம் குறிக்க வேண்டாம்.

சரி, இப்போது பேரேடு. ஒரே ஒரு கூலியாளின் கணக்கை எடுங்கள். இடப்பக்கம் பற்று: புகையிலை, கம்பளி, சட்டை, கத்தி, மறுபடியும் புகையிலை. வலப்பக்கம் வரவு: பெரும்பாலும் ஒரே வரி, வருஷச் சம்பளம். ‘டி, ஓ’ (do) என்று இரண்டெழுத்து வரிசையாக இறங்கினால் பயப்படாதீர்கள், நம் கணக்குப்பிள்ளைகள் ௸ போட்ட அதே மேற்படிதான். சாமான் எல்லாம் கம்பெனியின் வியாபாரக் கோட்டையில் இருந்த கடையில் கம்பெனி வைத்த விலைக்கு. இரண்டு பக்கத்தையும் நீங்களே கூட்டிப் பாருங்கள், சம்பளம் எங்கே போனது என்று தெரியும். பாக்கியோடு அடுத்த வருஷத்துக்கும் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு.

பைசன் என்ற அமெரிக்கக் காட்டெருமையின் தோல் கணக்கு வேறு மாதிரி. ஒரு கட்டுக்குப் பத்துத் தோல் என்று வைத்துப் பெருக்குங்கள். அப்புறம், 1837-ஐத் தனியாகக் கவனியுங்கள். அந்தக் கோடையில் கம்பெனியின் செயின்ட் பீட்டர்ஸ் நீராவிப் படகோடு பெரியம்மையும் மிசூரி ஆற்றில் ஏறிப் போனது. அந்த ஆற்றங்கரைப் பூர்வகுடிகளான மாண்டன் மக்களில் பிழைத்தவர்கள் வெகு சிலர். கணக்கு வரிகளில் சாவு தெரியாது.

படம் எடுக்கும்போது பெட்டி எண், கோப்பு எண் எழுதிய துண்டுச் சீட்டையும் பக்கத்தில் வைத்து எடுங்கள். செய்யாமல் விட்டால் வீட்டுக்கு வந்து எது எந்தப் பெட்டி என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

இனி கடிதங்களுக்குப் போகலாம், ஆனால் குடும்பம் தன்னைப் பற்றி எழுதியதை மட்டும் படித்தால் பாதிக் கதைதான். பெரிய பியரிடம் அடிமையாக இருந்த மார்கரீத் என்ற பெண், தன் தாய்வழிப் பாட்டி பூர்வகுடிப் பெண், அதனால் தன்னை அடிமையாக வைத்திருக்க முடியாது என்று வாதாடி வழக்கு நடத்தினார். 1836-இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அந்த வழக்கின் தேதிகளை முதலில் குறித்துக்கொண்டு, பிறகு அதே மாதங்களின் குடும்பக் கடிதங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.