கோதுமையும் கூடாது, பாலும் கூடாது: முதல் மாதச் சமையலைத் தொடங்குவது எப்படி?

மருத்துவர் இரண்டையும் நிறுத்தச் சொன்ன அன்று மாலையே கடைக்குப் போய், ‘குளூட்டன் இல்லாதது’ (கோதுமையில் உள்ள புரதம்தான் குளூட்டன்) என்று முகப்பில் அச்சடித்திருந்த எல்லாவற்றையும் கூடையில் அள்ளிப் போட்டேன். பிஸ்கட், பிரெட், கேக் கலவை, ஒரு சூப் பொட்டலம். வீட்டுக்கு வந்து நிதானமாகப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் முக்கால்வாசியில் பால் பவுடர். கோதுமையை எடுத்துவிட்டால் பிரெட்டின் ருசியும் நிறமும் மங்கிவிடும், அதை ஈடுகட்டப் பாலைச் சேர்ப்பார்கள் என்பது அப்போது தெரியாது. கடைசியில் நான் சாப்பிடக்கூடியதாக மிஞ்சியது சூப் மட்டும். அதுவும் வாயில் வைக்க வழங்கவில்லை.

அதனால் இந்த விளக்கத்தைக் கடையிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை. மாற்றுப் பொருட்கள் கடைசியில் வரட்டும்.

படி 1: சோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள்

சந்தேகம் வந்ததுமே நிறுத்திவிடத்தான் தோன்றும். ஆனால் சீலியாக் நோய்க்கான (குளூட்டன் சாப்பிட்டால் உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்கும் நோய்) ரத்தப் பரிசோதனை, குளூட்டனைச் சாப்பிடுவதால் உடலில் உண்டாகும் எதிர்ப்பொருட்களைத்தான் அளக்கிறது. முன்கூட்டியே நிறுத்தினால் அவை குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். முதலில் சோதனை, பிறகு பத்தியம்.

உங்களுக்கு என்ன பிரச்சினை என்பதையும் தெளிவாகக் கேட்டு வையுங்கள். கோதுமை ஒவ்வாமை வேறு, சீலியாக் வேறு. பாலிலும் அப்படித்தான். லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை செரிக்காதவர், லாக்டோஸ் நீக்கிய பாலைக் குடிக்கலாம். பால் புரதம் ஒவ்வாதவர் அதைத் தொடக்கூடாது, ஏனென்றால் கேசீனும் வே புரதமும் அதில் அப்படியே இருக்கின்றன. நெய்யிலும் புரதத்தின் எச்சம் கொஞ்சம் தங்கியிருக்கலாம்.

கோதுமைப் பிரச்சினையும் பால் பிரச்சினையும் ஏன் பலருக்குச் சேர்ந்தே வருகிறது? லாக்டோஸைச் செரிக்கும் நொதி சிறுகுடலின் உள்சுவரில் உள்ள விரல் போன்ற குடலுறிஞ்சிகளின் நுனியில் சுரக்கிறது. சீலியாக் நோய் சிதைப்பதும் அந்த இடத்தைத்தான். குடல் ஆறிய பிறகு சிலருக்குப் பால் மறுபடி ஒத்துக்கொள்ளும். எனவே பாலுக்கு ஆயுள் தண்டனை என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். மருத்துவரிடம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

படி 2: முதல் வாரம், மாற்றே தேவைப்படாத சமையல்

அரிசி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், சிறுதானியங்கள், பருப்பு, பயறு, காய்கறி, பழம், முட்டை, மீன், இறைச்சி, கொட்டைகள், எண்ணெய். இவற்றில் இயல்பாகவே குளூட்டனும் இல்லை, பாலும் இல்லை. ஒரு வாரத்துக்கு இதற்குள்ளேயே சமையுங்கள். நீங்கள் ஏற்கெனவே செய்துவரும் சமையலில் எத்தனை, ஒரு பொருளைக்கூட மாற்றாமல் தேறுகின்றன என்று எழுதிப் பாருங்கள். குறைந்தது பத்து தேறும். அதுதான் இனி உங்கள் அடித்தளம்.

நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்குக் கோதுமை மேல் முன்பே ஒரு சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டியே கிடைக்காமல் போனபோது, சீலியாக் குழந்தைகள் மோசமாகாததைக் கவனித்தார். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. 1950-ல் அதை ஆய்வேடாகவே எழுதினார். ரொட்டி இல்லாமல்தான் அந்தக் குழந்தைகள் சமாளித்திருக்கிறார்கள்.

படி 3: பாத்திரங்களைப் பிரியுங்கள்

நான் அதிகம் அடிபட்ட இடம் இது. வீட்டில் மற்றவர்கள் கோதுமை சாப்பிட்டால் உங்கள் தட்டுக்கு வெளியிலும் குளூட்டன் இருக்கும். கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் அது அழியாது, கழுவித்தான் போக்க வேண்டும்.

மூன்றாவது வாரம், எல்லாம் சரியாகச் செய்தும் வயிறு சரியில்லை. ஒருநாள் பாஸ்தா வடிகட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பளபளவென்று கழுவிய வடிகட்டிதான், ஆனால் ஓட்டைகளின் விளிம்பில் வெள்ளையாக ஒரு படலம். ஊசியால் சுரண்டினால் பசை போல உருண்டு வந்தது. மற்றவர்களின் கோதுமைப் பாஸ்தாவை வடித்த அதிலேயே என் அரிசிப் பாஸ்தாவையும் வடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வடிகட்டி, மாவுச் சல்லடை, மரக் கரண்டி, மர வெட்டுப்பலகை, டோஸ்டர் ஆகிய ஐந்தும் உங்களுக்கென்று தனியாக இருக்கட்டும். எஃகுப் பாத்திரமும் கண்ணாடியும் நன்றாகக் கழுவினால் போதும். ஜாம் பாட்டிலுக்கும் தனிக் கரண்டி வேண்டும், பிரெட் தூள் ஒட்டிய கத்தி உள்ளே போய்விட்டால் அந்தப் பாட்டில் உங்களுக்கு ஆகாது. கோதுமை மாவைச் சலிக்கும் நேரத்தில் பக்கத்தில் உங்கள் உணவு திறந்திருக்கக் கூடாது.

இவ்வளவு கெடுபிடி வேண்டுமா என்று கேட்பார்கள். கோடெக்ஸ் சர்வதேச உணவுத் தரநிலைப்படி ‘குளூட்டன் இல்லாதது’ என்று சொல்ல ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. ஒரு கிலோ உணவில் கால் கிராம் கோதுமை மாவு விழுந்தாலே ஏறக்குறைய அந்த எல்லைக்கு வந்துவிடும். ஒரு சிட்டிகைகூட இல்லை அது.

படி 4: பொட்டலத்தைப் பின்பக்கமாகப் படியுங்கள்

கோதுமை பல பெயர்களில் வரும்: மைதா, ரவை, டியூரம், ஸ்பெல்ட், புல்கர், கூஸ்கூஸ். பார்லியும் ரையும் அதே கூட்டம். மால்ட் என்றிருந்தால் பெரும்பாலும் பார்லிதான். பக்வீட்டில் ‘வீட்’ இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அது கோதுமை இனமே இல்லை. ஓட்ஸ் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடும் என்பதால் ‘குளூட்டன் இல்லாதது’ என்று குறித்ததை மட்டும் எடுங்கள். அதுவும் சீலியாக் உள்ள சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்தே புளிக்க வைக்கப்படுகிறது.

பாலின் புனைபெயர்கள்: கேசீன், கேசினேட், வே, பால் திடப்பொருள், லாக்டல்புமின். காபியில் கலக்கும் ‘பால் அல்லாத’ கிரீமர் சிலவற்றில் சோடியம் கேசினேட் இருக்கும். பெயரைச் சூட்டியவரை என்ன சொல்ல!

‘வீகன்’ என்றால் குளூட்டன் இல்லை என்று பொருளாகாது. மாத்திரைகளில்கூட நிரப்புப் பொருளாக லாக்டோஸ் சேர்ப்பதுண்டு. மருந்தாளுநரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

படி 5: வெள்ளை சாஸ்

முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய மாற்றுச் சமையல் இது. பாஸ்தா, காய்கறிக் கலவை, சூப் என்று எல்லாவற்றுக்கும் ஆகும். இதில் மாவின் வேலை கெட்டியாக்குவது, பாலின் வேலை கொழுப்பும் செறிவும் தருவது. அந்த இரண்டு வேலையையும் செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

இனிப்பும் மணமும் சேர்க்காத சோயா பால் 240 மில்லி எடுங்கள். (அவசரத்தில் வெனிலா மணமிட்டதை ஊற்றி, பூண்டு போட்ட ஐஸ்கிரீம் மாதிரி ஒன்றை நான் செய்திருக்கிறேன்.) அதில் நான்கு மேசைக்கரண்டியைக் குளிர்ந்தபடியே தனியே எடுத்து, ஒன்றரை மேசைக்கரண்டி கார்ன்ஃபிளாரை அதில் கட்டியில்லாமல் கரையுங்கள். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயம், பூண்டை நிறம் மாறாமல் வதக்கி, மீதிப் பாலை ஊற்றிச் சூடாக்குங்கள். விளிம்பில் குமிழ் வரும்போது கரைசலை இன்னொரு முறை கலக்கிவிட்டு, ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் கிளறுங்கள். ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும், இல்லாவிட்டால் பச்சை மாவு வாசனை நிற்கும். அடுப்பை அணைத்த பிறகு உப்பு, மிளகு. எலுமிச்சைச் சாறு வேண்டுமானால் பரிமாறும்போது நாலு சொட்டு. முன்பே விட்டால் சோயா பால் திரிந்துவிடும்.

இன்னும் செழிப்பாக வேண்டுமா? 100 கிராம் முந்திரியை வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, 150 மில்லி தண்ணீர் விட்டு வெண்ணெய் போல அரையுங்கள். கிரீம் கேட்கும் எந்த இடத்திலும் இதை ஊற்றலாம்.

படி 6: பால் போன இடத்தில் கால்சியம்

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை. கால்சியம் சேர்த்த தாவரப் பால், கால்சியம் உப்பால் உறையவைத்த டோஃபு, முள்ளோடு சாப்பிடும் சிறு மீன், கேழ்வரகு, எள் என்று பிரித்து எடுங்கள். தாவரப் பாலில் சேர்த்த கால்சியம் அடியில் படியும், குலுக்காமல் ஊற்றினால் தண்ணீர்தான் குடிக்கிறீர்கள். ஓட்ஸ் பால் வாங்கினால் குளூட்டன் குறிப்பையும் பாருங்கள்.

படி 7: பிரெட்

கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. முதல் வாரமே முயன்று செங்கல் சுட்டு, மனம் விட்டுப்போனவர்களில் நானும் ஒருத்தி. ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைக்கும் வலைதான் குளூட்டன். அது இல்லாத மாவில் காற்று நிற்காது. அந்த வலையை இசப்கோல் உமி ஓரளவு பின்னிக் கொடுக்கும்.

சன்னமான அரிசி மாவு 150 கிராம், வெள்ளைச் சோளம் அரைத்த மாவு 100 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 100 கிராம், இசப்கோல் உமி 20 கிராம், உடனடி ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை 15 கிராம், உப்பு 7 கிராம், எண்ணெய் 20 கிராம், வினிகர் 2 தேக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் 400 மில்லி. தராசில் நிறுங்கள். கோப்பை அளவு இங்கே எடுபடாது.

உமியை 300 மில்லி தண்ணீரில் போட்டதும் வேகமாகக் கலக்குங்கள், அரை நிமிடத்தில் கூழாகிவிடும். மாவு, ஸ்டார்ச், ஈஸ்ட், சர்க்கரை, உப்பை ஒன்றாகக் கலந்து, கூழையும் எண்ணெய், வினிகர், மீதித் தண்ணீரையும் சேர்த்து ஐந்து நிமிடம் பிசையுங்கள். கையில் பிசுபிசுவென்று ஒட்டும். ஒட்டுகிறதே என்று மாவு தூவாதீர்கள், செங்கல் அங்கேதான் பிறக்கிறது. கையை நனைத்துக்கொண்டு எண்ணெய் தடவிய டின்னில் அழுத்தி, ஈரத் துணியால் மூடி, 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம்வரை உப்ப விடுங்கள். ஒரே ஒரு முறைதான், குத்தி மறுபடி உப்ப வைக்கத் தேவையில்லை.

220 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம், பிறகு 200 டிகிரியில் 40 நிமிடம். மேலே கருகுவது போலிருந்தால் அலுமினியத் தாளால் மூடுங்கள். வெப்பமானி இருந்தால் நடுவில் 97 டிகிரி காட்ட வேண்டும்.

இப்போதுதான் உண்மையான சோதனை: வெட்டக் கூடாது. வீடே மணக்கும், எல்லோரும் சுற்றி நிற்பார்கள். ஸ்டார்ச் ஆறி இறுகுவதற்குள் வெட்டினால் கத்தியில் களி மாதிரி ஒட்டிக்கொண்டு வரும், வேகவில்லை என்று நினைத்துத் தூக்கிப் போடுவீர்கள். டின்னிலிருந்து எடுத்துக் கம்பித் தட்டில் குறைந்தது இரண்டு மணி நேரம் வையுங்கள்.

மறுநாளே வறண்டுவிடும். ஆறிய அன்றே முழுவதையும் துண்டு போட்டு, இடையிடையே தாள் வைத்து, உறைபெட்டியில் அடுக்கிவிடுங்கள். வேண்டும்போது இரண்டு துண்டை எடுத்து நேராக டோஸ்டரில் போடலாம். உங்கள் டோஸ்டரில்.