பள்ளியில் பறவை மன்றம்: தொடங்குவதற்கும் நடத்துவதற்கும் ஒரு செய்முறை

பள்ளி மன்றங்களில் பாதி, திறப்பு விழா அன்றே முடிந்துவிடுகின்றன. பதாகை, பொன்னாடை, குழுப் புகைப்படம் எல்லாம் தடபுடலாக நடக்கும். அடுத்த வாரத்திலிருந்து மன்றத்தின் பெயர் அறிவிப்புப் பலகையில் மட்டும் இருக்கும். பறவை மன்றத்துக்கு விழா வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், ஒரே பாதை, ஒரு நோட்டு போதும். மன்றத்தை உயிரோடு வைத்திருப்பது அந்த நோட்டுதான்.

தமிழ்நாட்டு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களையும், எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். காகத்தையும் மைனாவையும் தவிர வேறு பறவை தெரியாதவர்களும் தாராளமாகத் தொடங்கலாம்.

1. அனுமதி

புதிய மன்றம் என்று தனியாக விண்ணப்பிக்காதீர்கள். பல பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றம் ஏற்கெனவே இருக்கிறது; 2001-இல் தொடங்கிய தேசிய பசுமைப் படைத் திட்டத்தின் கீழ் அமைந்தவை பல. அதன் ஒரு பிரிவாகப் பறவை மன்றத்தை நடத்துவது எளிது. தலைமையாசிரியர் மூன்று கேள்விகள் கேட்பார்: பாடவேளை வீணாகுமா, பிள்ளைகள் வெளியே போவார்களா, செலவு உண்டா? இறைவணக்கக் கூட்டத்துக்கு முந்தைய அரை மணி நேரம், வளாகத்துக்குள் மட்டும், செலவில்லை என்று பதில் சொன்னால் மறுக்கக் காரணம் இருக்காது.

2. உறுப்பினர்கள்

பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். கூட்டம் பெருகினால் பேச்சு பெருகும், பறவை பறந்துவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு கட்டாயப்படுத்தாதீர்கள். முதல் மதிப்பெண் வாங்குபவர்களாகவே பொறுக்கி எடுக்கும் வழக்கத்தையும் இங்கே விட்டுவிடலாம். ஆடு மேய்க்கப் போகிற பிள்ளைக்குத் தெரிந்த பறவைகளில் பாதிகூட ஆசிரியருக்குத் தெரிந்திருக்காது. எழுதுபவர் ஒருவர், நேரம் பார்ப்பவர் ஒருவர், மற்றவர்கள் பார்த்துச் சொல்பவர்கள். வாரந்தோறும் இந்தப் பொறுப்பு மாற வேண்டும்.

3. பாதை

வளாகத்தில் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள். வாசலில் உள்ள வேப்ப மரம், சத்துணவுக் கூடத்தின் பின்புறம், மைதானத்தின் வேலியோரம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோரிடத்திலும் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். ஆண்டு முழுவதும் இடங்களை மாற்றக் கூடாது. மாற்றினால் ஜூலைக் கணக்கையும் ஜனவரிக் கணக்கையும் ஒப்பிட முடியாது.

4. நோட்டு

இருநூறு பக்க நீள நோட்டு ஒன்று வாங்குங்கள். தனித்தாள் வேண்டாம், தொலைந்துவிடும். ஒரு நாள் பதிவு இப்படி இருக்கலாம்:

*காலை 8.30 – 8.45. மேகமூட்டம், மேல்காற்று. சத்துணவுக் கூடத்தின் பின்புறம்: காகம் 14, மைனா 6, தவிட்டுக்குருவி 7, செம்போத்து 1 (குரல் மட்டும்). வேலியோரம்: கரிச்சான் 2, மின்கம்பியில். கழுத்து நீண்ட வெள்ளைப் பறவை 1, மேற்கே பறந்தது, பெயர் தெரியவில்லை.*

கடைசி வரியைக் கவனியுங்கள். பெயர் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதிவிட்டு, கண்டதை வருணிக்க வேண்டும். ஆசிரியர் பாராட்டுவார் என்று ஊகத்தில் ஒரு பெயரை எழுதும் பழக்கம் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் வந்துவிடும். அதை முதல் வாரத்திலேயே நிறுத்துங்கள்.

எண்ணுவதில் ஒரு சிக்கல் வரும். மைனா அங்குமிங்கும் பறந்துகொண்டே இருக்கும். பிள்ளைகள் ஒன்றையே மூன்று முறை எண்ணுவார்கள். முதல் ஆண்டில் ஒரே விதி போதும்: ஒரே நேரத்தில் ஒன்றாகக் கண்ணில் பட்டவற்றில் எது பெரிய எண்ணோ, அதை எழுதுங்கள். இன்னொன்று, காகத்தை விட்டுவிடாதீர்கள். 'காகம்தானே' என்று ஒதுக்கினால் பட்டியல் அரைகுறையாகிவிடும்.

ஊரில் வழங்கும் பெயரையே எழுதலாம். செம்போத்து, செண்பகம் இரண்டும் ஒரே பறவை என்பதால் கடைசிப் பக்கத்தில் பெயர்ப் பட்டியல் ஒன்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

5. முதல் பத்துப் பறவைகள்

முதல் இரண்டு மாதங்களுக்குப் பத்துப் பறவைகள் போதும்: காகம், அண்டங்காக்கை, மைனா, தவிட்டுக்குருவி, கரிச்சான், குயில், செம்போத்து, பச்சைக்கிளி, தேன்சிட்டு, மடையான். நிறத்தை மட்டும் பார்க்காமல் உடல் அளவு, அலகு, வால், நடத்தை என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். வெயிலும் நிழலும் நிறத்தை ஏமாற்றும்.

காகத்துக்குக் கழுத்து சாம்பல், அண்டங்காக்கை முழுக்கக் கறுப்பு. கரிச்சானின் வால் நுனி கவை போலப் பிளந்திருக்கும். தவிட்டுக்குருவி தனியாக வருவது அரிது. கூட்டமாகத் தரையில் சருகைக் கிளறும்.

குயிலில்தான் வேடிக்கை. கறுப்பு உடலில் சிவந்த கண்ணோடு இருப்பது ஆண். அதை எல்லோரும் குயில் என்பார்கள். பழுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும் பெண் குயிலைப் பார்த்ததும் பாதிப் பேர் பருந்து என்று கூவுவார்கள். காகக் கூட்டில் முட்டையிடுவது அவள்தான். மடையானின் வேடிக்கை வேறு விதம். வாய்க்கால் ஓரத்தில் மண் நிறத்தில் அசையாமல் நிற்கும், இருப்பதே தெரியாது. கிட்டே போனதும் எழும்பும். சிறகு விரித்த கணத்தில் பளீரென்று வெள்ளையாகிவிடும். பறவையின் நிறத்தை அது உட்கார்ந்திருக்கும்போது மட்டும் முடிவு செய்யக் கூடாது என்பதை விளக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது.

6. கருவிகள்

இருநோக்கி (பைனாகுலர்) இல்லாமலே தொடங்குங்கள். ஓர் ஆண்டு மன்றம் தாக்குப்பிடித்தால், 8x42 அல்லது 8x30 அளவில் ஒன்று வாங்கலாம். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். கடைக்காரர் இருபது மடங்கு என்று ஆசை காட்டுவார். கை நடுங்கும், படமும் நடுங்கும், வாங்காதீர்கள்.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி ஆசிரியரின் கைப்பேசியில் இருக்கட்டும். ஆனால் பிள்ளைகள் பார்த்து, வருணித்து, எழுதி முடித்த பிறகே அதைத் திறக்க வேண்டும். முதலில் திறந்தால் எல்லாக் கண்களும் திரையில் இருக்கும், மரத்தில் இருக்காது.

7. பதிவை வெளியே அனுப்புதல்

பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈ-பேர்ட் (eBird) இணையதளத்தில் ஆசிரியர் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, வாரப் பட்டியலை ஏற்றுங்கள். கண்டு, கேட்டு அடையாளம் தெரிந்த பறவைகளை எல்லாம் பதிந்தீர்களா என்று அது கேட்கும். நான்காம் படியில் காகத்தை விடாதீர்கள் என்றது இதற்கும்தான்.

இரண்டு கணக்கெடுப்புகளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் நடக்கும் கணக்கெடுப்பு. பள்ளி விடுமுறை என்பதால் பிள்ளைகள் தம் வீட்டு வாசலிலோ தாத்தா ஊர்க் கண்மாயிலோ பதினைந்து நிமிடம் எண்ணி, நோட்டில் எழுதி வரலாம். மற்றொன்று, பிப்ரவரியில் நான்கு நாட்கள் உலகம் முழுவதும் நடப்பது. அதில் இந்தியக் கல்வி வளாகங்களுக்கென்றே தனி ஏற்பாடு உண்டு. உங்கள் மூன்று இடங்கள் அதற்குப் போதும்.

8. வெளியே ஒரு நாள்

வேடந்தாங்கலுக்கோ கூந்தன்குளத்துக்கோ போக எல்லோருக்கும் ஆசைதான். டிசம்பர், ஜனவரி நல்ல மாதங்கள். ஆனால் பேருந்துச் செலவு, பெற்றோர் ஒப்புதல், துறை அனுமதி எல்லாம் சேர்ந்தால் முதல் ஆண்டிலேயே களைத்துப்போவீர்கள். பக்கத்து ஏரிக்குக் காலையில் பெற்றோர் இருவர் துணையோடு போய்விட்டு வாருங்கள்.

9. கறாரான விதிகள்

கூட்டைத் தொடக் கூடாது. படம் எடுக்கக் கிட்டே போகவும் கூடாது. கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைக்கக் கூடாது. பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உறுப்பினர் ஒருவர் வீட்டிலேயே கிளிக்கூண்டு இருக்கலாம். வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அந்தப் பிள்ளையைக் கேட்டுவிடாதீர்கள்; பெற்றோரிடம் தனியாகப் பேசுங்கள்.

10. ஆண்டு முடிவில்

ஏப்ரலில் நோட்டைப் புரட்டி, பறவைவாரியாக ஒரு சுவர் அட்டவணை போடச் சொல்லுங்கள்: மாதம் மேலே, பறவை பக்கவாட்டில். குளிர்காலத்தில் வந்து போன தகைவிலான் போன்றவை அதில் தாமாகத் தெரியும். பிறகு நோட்டை ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை ஒருவரிடம் ஒப்படையுங்கள். ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரமே அவர் அடுத்த பக்கத்தை எழுத வேண்டும்.